சாகசமும் சாகசக்காரர்களும்



'சாகசம்' பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் தலைமை வகிக்கும் ஐயா சிரித்தார். காரணம் தெரியும். ஒருவரைச் சாகசக்காரர் என்றால் நம் வீடுகளில் அது பாராட்டாகாது. சாகசக்காரி என்றால் கேட்கவே வேண்டாம். துணிச்சலுக்கும் ஆளை ஏய்க்கிற சாமர்த்தியத்துக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அகராதிக்காரர்கள் இரண்டையும் பிரித்து எண் போட்டுவிட்டார்கள். பிரித்திருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

சாட்சிக்குக் கென்னத் ஆண்டர்சனைக் கூப்பிடுகிறேன். 1910இல் பிறந்து 1974இல் மறைந்தவர்; ஸ்காட்லாந்து வம்சாவளி; பெங்களூர்வாசி; விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம்; மற்ற நேரம் வேட்டையும் எழுத்தும். அவருடைய காடு வெகுதூரத்தில் இல்லை. தளி தாண்டினால் ஜவளகிரி. அப்புறம் அஞ்செட்டி, பென்னாகரம். எல்லாம் அன்றைய சேலம் மாவட்டம். இன்று ஓசூரிலிருந்து வேலைக்கு வந்துபோகிறவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். 1954இல் வெளியான அவருடைய முதல் புத்தகத்தில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. பூசாரி பைராவுக்கும் ஒன்று. பைரா சின்னாற்றுப் பக்கத்துக் காட்டுமனிதன். சட்டத்தின் கண்ணில் கள்ள வேட்டைக்காரன். ஆண்டர்சனுக்கோ ஆயுட்காலக் கூட்டாளி. துரை துப்பாக்கியோடு பெங்களூருக்குத் திரும்பிவிடுவார். பைரா அங்கேயேதான் இருப்பான். துரைக்கு அது சாகசம், பைராவுக்கு அன்றாடம்.

ஆனால் எனக்குப் பிடித்தவன் முனுசாமி. வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்று வெள்ளைக்காரர்களை ஏய்த்துப் பிழைத்த பெங்களூர் வழிகாட்டி. மாகடிச் சிறுத்தையோடு சேர்த்து அவனுக்கும் ஒரு கதை எழுதினார் ஆண்டர்சன். பூர்ணசந்திர தேஜஸ்வி அதைக் கன்னடத்துக்குத் தன் போக்கில் கொண்டுபோனபோது 'முனிஸாமியும் மாகடிச் சிறுத்தையும்' என்று தலைப்பு வைத்தார். கன்னட வீடுகளில் ஆண்டர்சனைத் தேஜஸ்வி வழியாகத்தான் தெரியும். சிறுத்தைக்கு முன்னால் நம் முனுசாமியின் பெயர் வருவதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

சினிமா இன்னும் பெரிய சாகசக்காரி. மைசூர்ச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போனால் ராமநகரம், பட்டுக்கூடுச் சந்தைக்குப் பேர்போன ஊர். அதன் பாறைகளுக்கு நடுவே ஒரு கிராமத்தையே கட்டி எழுப்பி, ராம்கட் என்று பெயர் வைத்து, 'ஷோலே'யை எடுத்தார் ரமேஷ் சிப்பி. படம் 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. பாறைகள் இந்தி பேசின, நாடே நம்பியது. படத்தில் அமிதாப் பச்சன் வாசிக்கும் அந்த மவுத் ஆர்கனை நினைத்துப்பாருங்கள். மூச்சு ஆர்.டி. பர்மன் குழுவிலிருந்த பானு குப்தாவுடையது. வாயசைத்தவர் நாயகர், ஊதியவர் இருட்டில். ஒன்பது ஆண்டு கழித்து டேவிட் லீன் படமெடுக்க வந்தார். பீகாரின் பராபர் குகைகளை மனத்தில் வைத்து ஃபார்ஸ்டர் எழுதிய நாவலுக்கு, நம் சாவனதுர்காவும் ராமதேவர் பெட்டாவும் வேஷம் கட்டின. அந்தப் படத்தின் இசைக்காக மொரீஸ் ஜார் ஆஸ்கர் வாங்கிப்போனார். பாறைகள் பழையபடி பாறைகளாயின. ராமதேவர் பெட்டா இப்போது பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம்.

இடம் வேஷம் போடுகிறது, வழிகாட்டி ஏய்க்கிறான், எழுத்தாளன் கூட்டிச்சொல்கிறான். ஆண்டர்சன் கொஞ்சம் அளந்துவிட்டிருக்கிறார் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டுமே. கதை சொல்லத் தெரியாதவனோடு யார் காட்டுக்குப் போவார்கள்?

அவர் ஒரு சிறுத்தைக் கதையை ஜாலஹள்ளியில் நடத்தினார். இன்று அங்கே மெட்ரோ நிலையம். சிறுத்தைகள் மட்டும் கதையிலிருந்து வெளியேறவில்லை. 2016 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குந்தலஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒன்று புகுந்தது. சிலரைக் காயப்படுத்தியது. பல மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பன்னேர்கட்டாவில் கூண்டிலடைத்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் பொறுத்திருந்துவிட்டு, அது கூண்டிலிருந்து நழுவிப் போய்விட்டது.