ஓசையும் இசையாகும்

1948-இல் பாரிசு நகரில் பியேர் ஷேஃபர் என்பார் புகைவண்டியின் ஓசைகளைப் பதிந்து, மடக்கி மடக்கி ஒலிக்கச் செய்து இசை அமைத்தார். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் மின்னிசைக் கூடம் ஒன்று அமைந்தது. கீதா சாராபாய் முதலியோர் அங்கு ஆக்கிய இசை, ஒலிநாடாக்கள் காக்கப்பட்டமையால் 2023-இல் இசைத்தட்டாக வெளிவந்தது.

இன்று அதற்குக் கைப்பேசியும், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளுமே போதும். பதிந்த ஒலியை மெல்ல ஓட்டினால் சுருதி தாழும். விரைந்து ஓட்டினால் உயரும். ஒரு துண்டை மீள மீள ஒலித்தால் தாளம் பிறக்கும். இவையே முதற்பாடம்.

எதைப் பதிவது? சரோஜினி நகரில் நாம் வாழ்ந்த பழைய அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு மாடிகள் எழுகின்றன. அங்காடிக் கூவலை நாளையும் பதியலாம். நம் அடுக்களையில் முதியோர் பேசும் தமிழோ நாளை வரை காத்திராது. அதனை இன்றே பதிந்து வைப்போம். இசையைப் பின்னர் அமைப்போம்.