திரும்பி வராதவரின் மனைவி

எங்கள் தோட்டத்தில், கடைசி லயத்தின் கோடி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அவரைச் 'சயாம் பாட்டி' என்றே எல்லாரும் அழைப்போம். அவர் சயாமுக்குப் போனவர் அல்லர். போனவர் அவருடைய கணவர். ஜப்பான்காரன் காலத்தில், கொஞ்ச நாள் வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்களாம். பிறகு தகவல் எதுவும் இல்லை.

பாட்டி தாலியைக் கழற்றவில்லை. நெற்றிப் பொட்டையும் அழிக்கவில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டு அவர் பக்கம் வரும்போது, அதைத் தூக்கி வந்தவள் சற்றுத் தயங்கி நிற்பாள். சுமங்கலி என்று தட்டை நீட்டவும் மனம் துணியாது. கணவனை இழந்தவள் என்று ஆறுதல் சொல்லவும் வாய் வராது. சின்னப் பிள்ளையாக இருந்த நான் ஒருநாள், "தாத்தா எப்போது வருவார்?" என்று கேட்டுவிட்டேன். "வருகிறவராக இருந்தால் இத்தனை நாளில் வந்திருப்பார், சாமி. ஆனால் போய்விட்டார் என்று யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லையே" என்றார்.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தத் தண்டவாளம் 1943 அக்டோபரில் முடிந்தது. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் நம் தோட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள். இது உங்களில் பலர் வீட்டுப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டதுதான். மாண்டவர்களைப் பற்றி ஓரளவு பேசியிருக்கிறோம். லயத்தில் காத்திருந்தவர்களைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசவில்லை.

சயாம் பாட்டியின் நிலையில் இன்றும் பெண்கள் இருக்கிறார்கள். இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்யப்பட்ட உதவிகளில் எது உண்மையில் உதவியாயிற்று, எது உபத்திரவமாயிற்று என்பதையே இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

இலங்கைப் போர் 2009 மே மாதத்தில் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளிவாய்க்காலில் முடிந்தது. உயிர் தப்பிய ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முள்வேலி முகாம்களில் வைக்கப்பட்டார்கள். அவற்றுள் பெரியது வவுனியாவுக்கு மேற்கே இருந்த மெனிக் பாம் முகாம். 2012 செப்டம்பரில்தான் அது மூடப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலுமாகக் கணவனை இழந்த பெண்கள் 89,000 பேர் என்று 2010இல் அந்நாட்டுத் துணை அமைச்சர் ஒருவர் கணக்குச் சொன்னார். ஆனால் கணவன் இறந்தானா, இருக்கிறானா என்றே தெரியாத பெண்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வன்னியில் வாழ்ந்தவர்களில் ஒரு பகுதியினர் நம்மைப் போல லயத்தில் பிறந்தவர்கள். 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு, தேயிலைத் தோட்டங்களை விட்டு வடக்கே ஓடி வந்து, காட்டை வெட்டிக் குடியேறிய மலையகத் தமிழர்கள். அவர்கள் திருத்திய நிலத்துக்குப் பலரிடம் உறுதிப் பத்திரம் கிடையாது. போர் முடிந்து ஊர் திரும்பியபோது, குடும்பத் தலைவனும் இல்லை, நிலத்துக்குக் காகிதமும் இல்லை.

காகிதம் என்றதும் சிரிக்காதீர்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், கணவன் பெயரில் இருக்கும் வங்கிப் பணத்தை எடுக்கவும், நிவாரணம் பெறவும் காகிதம் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டப்படி, மணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவனுடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் காணாமற்போய்விட்டால் சம்மதத்தை யாரிடம் போய் வாங்குவது? வழக்கு மன்றத்துக்குத்தான் நடக்க வேண்டும்.

2010இல் ஒரு சட்டம் வந்தது. ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெறலாம் என்றது. நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்து பாருங்கள். தன் கையாலேயே கணவனை இராணுவத்திடம் ஒப்படைத்தவள் அவள். "விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம்" என்று சொன்னதை நம்பியவள். இப்போது அவர் செத்துவிட்டார் என்று அவளே விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பணம் வரும். ஆனால் போட்ட அன்றைக்குத் தானே அவரைக் கொன்றுவிட்டதாக அவள் மனம் சொல்லும். இனி யாரும் அவரைத் தேடமாட்டார்கள் என்ற பயமும் உண்டு. பலர் மறுத்துவிட்டார்கள். வறுமையிலும் மறுத்தார்கள். 2017 பிப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் படங்களை ஏந்தி உட்கார்ந்த தாய்மாரும் மனைவிமாரும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்.

2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இறந்தார் என்று சொல்லாமல், 'காணவில்லை' என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு வழி செய்தார்கள். அதை வைத்துக்கொண்டு உதவி பெறலாம். காணாமற்போனவரின் சொத்தைக் கவனிக்கலாம். அது கையில் கிடைப்பதற்குள் அலைச்சல் உண்டு, உண்மை என்ன ஆயிற்று என்ற கேள்விக்கும் அது பதில் அல்ல. இருந்தாலும் ஒரு பெண்ணைப் பொய் சொல்ல வைக்காத காகிதம் அது. அந்த அளவில் அதை நான் மதிக்கிறேன்.

அடுத்து, பிழைப்பு. போர் முடிந்த புதிதில் கோழி கொடுத்தார்கள், ஆடு கொடுத்தார்கள், தையல் இயந்திரம் கொடுத்தார்கள். ஒரே ஊரில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் இருந்தால் துணி தைக்கக் கொடுப்பது யார்? இந்திய அரசின் உதவியில் வீடு கட்டப் பயனாளிக்கு 5,50,000 இலங்கை ரூபாய் கிடைத்தது. பெரிய உதவிதான். ஆனால் கட்டுவது அவரவர் பொறுப்பு. அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் ஒரு தவணை. ஆண் துணை உள்ள வீட்டில் கல் சுமக்க ஆள் உண்டு. தனியாக நிற்கும் பெண் மேசனுக்கும் கூலியாளுக்கும் காசு கொடுக்க வேண்டும். சீமெந்து விலை ஏறிவிட்டால் அடுத்த தவணை வரும்வரை கடன் வாங்க வேண்டும்.

கடன் கொடுக்கக் கம்பெனிக்காரர்கள் வாசலுக்கே வந்தார்கள். பிணை எதுவும் வேண்டாம், நான்கைந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பு நின்றால் போதும் என்றார்கள். வாரந்தோறும் வசூல். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். இதில் உள்ள கொடுமையைக் கவனியுங்கள். இராத்திரியில் தூக்கம் வராமல் அழும்போது ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரி, வாரக் கடைசியில் கடன்காரனுக்காகக் கதவைத் தட்டுகிறவள் ஆகிவிட்டாள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். ஆண் இல்லாத வீடு என்று தெரிந்துகொண்டு முறைகேடாகப் பேசிய வசூல்காரர்களும் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களும் உண்டு. 2018இல் வறட்சி கண்ட மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடனை ஏற்றுக்கொள்வதாக அரசு அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

கூட்டுறவு அந்த மண்ணுக்குப் புதியதல்ல. வடக்கில் சிக்கனக் கடன் சங்கங்கள் பல காலமாக இருந்தவை. நம் லயத்துப் பெண்கள் மாதம் தோறும் கட்டுகிற கூட்டுப் பணத்தைப் போல, தெரிந்தவர்கள் சேர்த்து, தெரிந்தவர்களுக்கே கொடுத்து, ஒருத்தி நோயில் விழுந்தால் பொறுத்துக்கொள்கிற சங்கங்கள். போரில் நொடித்துப்போன அவற்றை முதலில் தூக்கி நிறுத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். உதவ வருகிறவர்கள் புதிதாக ஒன்றைக் கொண்டுவரவே விரும்புகிறார்கள். ஏற்கெனவே என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

மனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பெண்கள் மருத்துவரிடம் போய் மனம் சரியில்லை என்று சொல்வதில்லை. தலைவலி, நெஞ்சு எரிகிறது, உடம்பெல்லாம் குத்துகிறது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை விரிவாக எழுதியிருக்கிறார். செத்த வீடு என்றால் ஒப்பாரி உண்டு, எட்டுக் கிரியை உண்டு, ஊர் கூடும். துக்கத்துக்கு ஒரு கரை தெரியும். காணாமற்போனவருக்கு அந்தக் கரை இல்லை. மாத்திரையால் மட்டும் இது தீராது. ஒரே துயரம் கண்ட நான்கு பெண்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, பனை ஓலை பின்னிக்கொண்டே பேசினால், அங்கே ஒருத்தி வாய்விட்டு அழலாம். அவளை யாரும் 'அழாதே' என்று அடக்கவும் கூடாது, 'அழுதுவிடு' என்று துரத்தவும் கூடாது.

இவர்களில் சிலர் அகதிகளாக நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் வரிசையிலேயே ஒருத்தி வாடகைக்கு வரலாம். வழக்கம்போல நாம் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" என்பதாக இருக்கும். அதைக் கேட்காதீர்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்தக் கடையில் அரிசி மலிவு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த கிளினிக் என்று சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அனுப்பி வையுங்கள். கணவரைப் பற்றி அவளாகச் சொல்லும் நாள் வந்தால், "இருக்கிறாரா, இல்லையா?" என்று குறுக்கே கேட்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவளும் வந்தால், குங்குமத் தட்டை எல்லாரிடமும் நீட்டுவது போலவே அவளிடமும் நீட்டுங்கள். எடுப்பதும் விடுவதும் அவள் விருப்பம்.

சயாம் பாட்டிக்கு அப்படி ஒரு தட்டை எங்கள் தோட்டத்தில் தயங்காமல் நீட்டியவர் ஒரே ஒருவர்தான். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள். பாட்டி ஒரு விரலால் குங்குமத்தைத் தொட்டு, நெற்றியில் வைத்துக்கொண்டு, பேசாமல் பந்திக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.