குளியலறையை முதல்ல பாருங்க

கோயம்புத்தூர் பக்கம் போனா, வயசானவங்களுக்குன்னே கட்டின குடியிருப்புகள் நிறைய இருக்கு. சாப்பாடு பொதுக்கூடத்துல. கூப்பிட்டா நர்ஸ் வருவாங்க. விளம்பரத்துல புல்வெளியும் நடைபாதையும் காட்டுவாங்க. நீங்க நேரா குளியலறைக்குப் போங்க. தரை வழுக்குதா? பிடிச்சு எழுந்திருக்கச் சுவர்ல கம்பி இருக்கா? கீழே விழுந்துட்டா, கிடந்தபடியே எட்டுற உயரத்துல அழைப்பு மணி இருக்கா? எழுந்து நின்னாத்தான் எட்டும்னா அந்த மணி எதுக்கு! இந்த மாதிரி வீடுகளுக்கு மத்திய அரசு 2019-ல மாதிரி நெறிமுறைகளே வெளியிட்டிருக்கு.

அப்புறம் ஒப்பந்தம். சொந்தமா வாங்கறதா, குத்தகையா? மாசக் கட்டணம் வருஷா வருஷம் எவ்வளவு ஏறும்? தம்பதியில ஒருத்தர் காலமாயிட்டா கட்டணம் குறையுமா? படுத்த படுக்கையாயிட்டா அங்கேயே பார்த்துப்பாங்களா, இல்ல பிள்ளைகளுக்குப் போன் போகுமா? இதையெல்லாம் கேட்கறது அபசகுனம்னு சிலர் வாயே திறக்கறதில்லை. கையெழுத்துப் போட்டப்புறம் கேட்டா யார் பதில் சொல்லுவா?

சில இடங்கள்ல கொஞ்ச நாள் தங்கிப் பார்க்க விடறாங்க. தங்குங்க. சாப்பாடு எப்படின்னு அங்கே இருக்கற பெரியவங்ககிட்டயே கேளுங்க. மேனேஜர் பக்கத்துல இல்லாத நேரமா பார்த்து!