வரைபடத்தில் வைக்கும் விரல்



2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. சில வாரங்களில் நம் வீட்டுச் சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏறியது. அவ்வெண்ணெயின் பெரும்பகுதி அவ்விரு நாடுகளிலிருந்தே நமக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே மருத்துவம் பயின்ற ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் போலந்து, ருமேனியா, ஹங்கேரி வழியாகத் தாயகம் திரும்பினர்.

அந்நாளில் என் பேரன், "தாத்தா, உக்ரைன் எங்கே இருக்கிறது?" என்று வினவினான். சமூக அறிவியலில் முழு மதிப்பெண் பெறும் பிள்ளை அவன். பல்லாண்டு ஆசிரியராக இருந்த நானும் வரைபடத்தில் உடனே விரல் வைத்துக் காட்ட இயலாமல் நாணினேன். இருவரும் சேர்ந்தே தேடினோம்.

பாடநூல் நடந்து முடிந்ததைக் கூறும். நடந்துகொண்டிருப்பதை நாம்தான் அதனோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும். பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிறார்கள். பெரும்பாலும் அது தலைப்போடு நின்றுவிடுகிறது. அச்செய்திக்குரிய இடத்தை வரைபடத்தில் காட்டி, "இது ஏன் நேர்ந்தது? இதனால் யாருக்கு என்ன ஆகும்?" என்று ஆசிரியர் கேட்டால் போதும், ஐந்து மணித்துளியில் அது பாடமாகிவிடும். ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களில் படித்து ஒப்பிடப் பழக்கினால், கைப்பேசியில் வரும் வதந்தியை எளிதில் நம்பமாட்டார்கள்.

பெற்றோர்களே, கடல் கடந்து பயிலப் பிள்ளைகளை அனுப்ப விழைகிறோம். அதற்குமுன் நம் இல்லச் சுவரில் ஓர் உலக வரைபடத்தை மாட்டுவோம். நாள்தோறும் ஒரு நாட்டின்மேல் அவர்கள் விரல் படட்டும். தெரியாதபோது நாமும் உடனிருந்து தேடுவோம்.