கொழும்புத்துறைக்கு ஒரு மடோல் தூவ



இலங்கையின் தெற்குக் கரையில், காலிக்குச் சற்றுக் கிழக்கே கொக்கல என்றொரு களப்பு இருக்கிறது. அந்தக் களப்பில் கண்டல் மண்டிக் கிடந்த ஒரு சின்னத் தீவுக்கு 1947-இல் மார்ட்டின் விக்கிரமசிங்க இரண்டு பெடியன்களை அனுப்பிவைத்தார். ஒருவன் உபாலி: தாயை இழந்தவன், சிற்றன்னையின் வீட்டில் வளர்ந்தவன், குழப்படிக்குப் பேர்போனவன். மற்றவன் ஜின்னா, அதே வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளை. இருவரும் வீட்டைவிட்டு ஓடுகிறார்கள், கமக்காரர் ஒருவரிடம் வேலை செய்கிறார்கள், கடைசியில் பேய் உலாவுகிறது என்று ஊரார் அஞ்சிய தீவில் காடு வெட்டித் தோட்டம் போடுகிறார்கள். நாவலின் பெயர் 'மடோல் தூவ'. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை 1976-இல் படமாக்கினார். தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்தது. சிங்களப் பிள்ளைகளில் அந்தத் தீவை மனதால் ஒரு தடவையாவது மிதித்துப் பாராதவர்கள் குறைவு.

அதே இலங்கையின் வடக்கே, கொக்கலக் களப்பைப்போலப் பல மடங்கு பெரிய பரவைக்கடல் ஒன்று இருக்கிறது. அதன் கரையில் கொழும்புத்துறை. யாழ்ப்பாண நகரின் கிழக்கு ஓரத்து ஊர். வெளியூரார் பலருக்கு அது யோகர் சுவாமி கொட்டில் போட்டு வாழ்ந்த ஊர். 1964-இல் அவர் சமாதி அடைந்த பின்னும் ஆச்சிரமத்தைத் தேடி வருவோர் குறையவில்லை. ஊராருக்கு அது முதலில் ஒரு துறை. தெற்கே நீருக்கு அப்பால் பூநகரிக் கரை. தரைவழி வசதியாக வருமுன்னர் பெருநிலத்துக்குப் போவோர் இங்கிருந்து தோணி ஏறினார்கள். கொழும்புக்குப் போகும் வழிக்கான துறை என்பதால்தான் இந்தப் பெயர் என்று சொல்வதும் உண்டு.

இந்தப் பரவைக்கடலில் உபாலியும் ஜின்னாவும் இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று வள்ளம் எடுத்துக்கொண்டு ஆபத்துக்குள் போய், தன் புத்தியால் மீண்டு வரும் தமிழ் நாவலைக் கேட்டால், புத்தகம் விற்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துத் தருவார். தவறில்லை. 1950-இல் கல்கி தொடங்கிய அந்தத் தொடரில் கோடிக்கரையிலிருந்து ஈழத்துப் பக்கம் துடுப்புப் போட்டு வரும் பூங்குழலி, தமிழ்க் கதைகளில் கடலுக்கு அஞ்சாத இளம்பெண்களில் முதல் வரிசையில் நிற்பவள். ஆனாலும் கதை அவளுடையது இல்லை. அவள் ஓட்டுகிறாள், பயணம் வந்தியத்தேவனுடையது.

ஈழத்துத் தமிழ் நாவல் பிறந்ததே தொலைந்துபோன பிள்ளைகளின் கதையோடுதான் என்பதை நினைக்கும்போது இந்த வெறுமை இன்னும் விசித்திரமாகப் படுகிறது. கண்டியில் வழக்கறிஞராக இருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்திய சித்திலெப்பை 1885-இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்', குழந்தையிலேயே கடத்தப்பட்டுக் கடல் கடந்து வளரும் எகிப்தியப் பிள்ளையின் கதை. 1891-இல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை', பிறந்தவுடன் பிரிந்த இரட்டையரைப் பற்றியது. ஒருவனைக் கரடி வளர்க்கிறது. ஐரோப்பியப் பழங்கதையின் தழுவல்தான், இருக்கட்டும். கடத்தல், காடு, தனிமை, வீடு திரும்புதல் என்று சாகசக் கதைக்கு வேண்டிய சாமான் அத்தனையும் அன்றே வந்து இறங்கிவிட்டன. பிறகு நாவல் வளர்ந்தது. கூடவே அதன் நாயகர்களுக்கும் வயது ஏறிவிட்டது.

உலகச் சாகசக் கதையின் வேர் ஒன்றுகூட ஈழக் கரையில் ஓடுகிறது. 1660-இல் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புயலில் முறிந்த பாய்மரத்தை மாற்றக் கொட்டியாறு குடாவுக்கு வந்தது. இன்றைய மூதூர்ப் பக்கம். கண்டி அரசனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் மாலுமிகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைவரின் மகன் ரொபர்ட் நொக்சுக்கு அப்போது பத்தொன்பது வயது. தகப்பன் அடுத்த ஆண்டே சிறைவாழ்வில் இறந்துபோனார். மகன் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், பெட்டிக்கடைச் சாமான் சுமந்து ஊர் ஊராகத் திரிந்தான். அந்த வியாபாரமே வடக்கே போகும் வழிகளை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. 1679 ஒக்டோபரில் தோழன் ஒருவனுடன் மல்வத்து ஓயாவை ஒட்டிக் காட்டுவழியே நடந்து, வன்னித் தமிழர் வாழ்ந்த நிலத்தைக் கடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681-இல் அவன் எழுதிய நூல் இலண்டனில் வெளிவந்தது. 'ரொபின்சன் குரூசோ' எழுதிய டானியல் டீபோ அந்த நூலைப் படித்துப் பயன்படுத்தியவர். தீவில் தனித்து நின்று பிழைத்த மனிதனை உலகம் முழுவதும் பிள்ளைகள் 1719 முதல் படிக்கிறார்கள். அவன் பிழைக்கக் கற்ற பாடங்களில் சில மூதூரிலும் அரிப்பிலும் தொடங்கியவையாக இருக்கலாம்.

இன்னொரு நிகழ்ச்சியில் பிள்ளைகள் நிஜமாகவே பிள்ளைகள். 1961-இல் தென்கிழக்குக் கடலில், பெரிய இராவணன் கோட்டை என்று சொல்லப்படும் பாறைத் தொடரில் மைக் வில்சன் என்ற சுழியோடியுடன் இரண்டு அமெரிக்கப் பையன்கள் இறங்கினார்கள். வயது பதின்மூன்றும் பதினான்கும். கடலுக்கடியில் கிடந்த பழைய கப்பலில் அவர்கள் கண்டது, சூரத்தில் அச்சிட்ட ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள். மூட்டைகளின் வடிவத்திலேயே இறுகிக் கட்டியாகிக் கிடந்தன. நாணயத்தில் இருந்த ஹிஜ்ரி ஆண்டு 1113, அதாவது 1702. வில்சனின் கூட்டாளி ஆர்தர் சி. கிளார்க் 1964-இல் இதைப் புத்தகமாக்கினார். நாணயங்களைக் கண்டதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் இதே வில்சன்தான் திருகோணமலையில் கோணேசர் மலையடிவாரக் கடலில் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டவர். பின்னாளில் காவி கட்டிச் சிவகல்கி சுவாமி ஆனார். எழுத்தாளன் இப்படி ஒரு பாத்திரத்தை இட்டுக்கட்டினால் ஆசிரியர் குழு நம்பகத்தன்மை இல்லையென்று திருப்பி அனுப்பிவிடும்.

வல்வெட்டித்துறைக்காரர் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால் தங்கள் ஊர்க் கடலோடிகளை இன்னும் சொல்லவில்லையே என்று இந்நேரம் இருக்கையில் நெளிந்துகொண்டிருப்பார். அவருக்காக: அவர்களுடைய ஊரில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்டு, 1938-இல் மசச்சுசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. ஆண்டுவிழா மேடைகளில் இது எப்போதும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. கதையாகச் சொல்லப்படுவது அரிது. அந்தக் கப்பலில் சமைத்தது யார், வழியில் என்ன நாறிப்போனது, முதல் குளிரில் மாலுமிகள் எதைப் போர்த்துக்கொண்டார்கள்? பிள்ளை கேட்கும் கேள்விகள் இவை. பெருமைக்கு இவற்றால் பயனில்லை. நாவலுக்கு இவை இல்லாமல் முடியாது.

இனிக் கொழும்புத்துறையின் எதிர்க்கரைக்கு வரவேண்டும்.

90-களின் முதற்பாதியில், போரால், யாழ்ப்பாணத்தைப் பெருநிலத்தோடு இணைத்த ஆனையிறவுத் தரைவழி மூடப்பட்டது. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் பாதை ஓடியது. (யாழ்ப்பாணத்தில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவை, புலம்பெயர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே ஒரு பக்கம் வேண்டும்.) பூநகரியிலும் நாகதேவன்துறையிலும் படைமுகாம்கள் வந்தபின் அதுவும் நின்றது. மிஞ்சியது கிளாலி. சைக்கிளில் நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம் தாண்டிப் போய்ப் பொழுதுபடும்வரை காத்திருக்க வேண்டும். இருட்டிய பின்னர் வள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கோத்து, முன்னால் இயந்திரம் பூட்டிய படகு ஒன்று இழுத்துப் போகும். விளக்கு இல்லை. பேச்சு இல்லை. சைக்கிளும் சூட்கேசும் சீமெண்ணெய்க் கலனும் பிள்ளைகளும் ஒரே வள்ளத்தில். கடற்படையின் படகு வந்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1993 ஜனவரியில் அந்த நீரில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். மறுநாளும் ஆட்கள் போனார்கள். பரீட்சைக்கு, வேலைக்கு, வைத்தியத்துக்கு, வெளிநாடு போகும் பயணத்தின் முதல் அடிக்கு.

அந்த வள்ளங்களில் இருந்த பதின்பருவத்துப் பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். இந்த வரிசைகளிலும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் அந்தக் கதையைச் சொல்லும் முறை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு எங்கை விளங்கப்போகுது." அதோடு கதை முடிந்துவிடும். பிள்ளை மேலே அறைக்குப் போய் ஆங்கிலத்தில் 'ஹாச்செட்' படிக்கும்.

'ஹாச்செட்' 1987-இல் கேரி போல்சன் எழுதியது. பதின்மூன்று வயது பிரையன் போகும் சின்ன விமானத்தின் ஓட்டுநருக்கு நடுவானில் மாரடைப்பு. கனடாவின் வடக்குக் காட்டில் அவன் 54 நாட்கள் தனியே கிடக்கிறான். கையில் தாய் கொடுத்த ஒரு கைக்கோடரி. அந்த நாவலில் தத்துவம் மிகக் குறைவு. கல்லில் கோடரியை உரசினால் பொறி பறக்கும் என்று கண்டுபிடிக்கிறான். அந்தப் பொறி எதில் விழுந்தால் பற்றும் என்று கண்டுபிடிக்க இன்னும் எவ்வளவோ நேரம் எடுக்கிறது. வாசிக்கும் பிள்ளைக்குத் தானும் அந்தச் சுள்ளியைப் பொறுக்கியதுபோல இருக்கும். துன்பத்தின் அளவைச் சொல்லி இரக்கம் கேட்கும் வேலையைப் போல்சன் செய்யவில்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் அப்படிப்பட்ட சுள்ளிகள் நிறைய இருந்தன. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் சீமெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில் உயர்தரம் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடியது. செய்தி முடியுமுன் கை களைத்தால் பெரியவர்களிடம் பேச்சு வாங்கவேண்டியிருந்தது. துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிச் சீமெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகை மணம் நினைவிருப்போர் கையுயர்த்தத் தேவையில்லை, முகத்திலேயே தெரிகிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, படை முன்னேறி வர, வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளையும் முடிவெடுத்தது. ஆட்டை அவிழ்த்துவிட்ட பிள்ளை, நாயைக் கட்டிவிட்டு வந்து முப்பது வருடமாக அதை நினைக்கும் பிள்ளை. ஒவ்வொன்றும் ஒரு நாவலின் முதல் அத்தியாயம்.

இதையெல்லாம் தமிழில் எழுதாமல் போனதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. எண்பதுகளில் வீட்டுக்குத் தெரியாமல் வெளிக்கிட்ட பிள்ளைகள் தீவுக்குத் தோட்டம் செய்யப் போகவில்லை, ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள். பின்னர் போக விரும்பாத பிள்ளைகளும் கொண்டுபோகப்பட்டார்கள். வீட்டைவிட்டு ஓடும் பிள்ளை என்ற படிமமே ஒரு தாய்க்கு நெஞ்சைப் பிசையும் ஊரில், சாகசம் என்ற சொல்லைச் சிரித்தபடி எழுத முடியாது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001-இல் அந்த வயதை நேராகப் பார்த்தது. அது பெரியவர்களுக்கான நூல், பதின்மூன்று வயதின் கையில் கொடுப்பதற்கு இல்லை. பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தால் வள்ளத்தையும் சேர்த்தே ஒளித்து வைத்தாகிவிட்டது. துவக்கு இல்லாமலும் அந்த நீரில் ஆபத்து உண்டு, துணிவும் உண்டு. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக்கு வாடை காலத்தில் வந்து தங்கும் மீனவர்களைக் காற்றின் போக்கோடு சேர்த்தே எழுதிக் காட்டியது. 1973-இல் வந்த நாவல், ஐந்து ஆண்டுகளில் திரைப்படமும் ஆனது. அதே காற்றைப் பதினான்கு வயதின் முகத்தில் வீச விடுவதுதான் பாக்கி.

ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' பிறந்த விதம் இங்கே உதவும். 1881-இல், ஸ்கொட்லாந்தின் மழைநாள் ஒன்றில், மனைவியின் மகன் லொயிட் என்ற பதின்மூன்று வயதுப் பையனோடு இருந்து ஒரு தீவின் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டினார். குடா, குன்று, நங்கூரமிடும் இடம் என்று பெயர் போட்டார்கள். கதை பிறகுதான் வந்தது.

ஆகவே இந்தச் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் போட்டியில், பிள்ளைகளுக்கு ஆண்டாண்டு காலமாகக் கொடுத்துவரும் 'தமிழின் தொன்மை' கட்டுரைத் தலைப்பை ஒரு வருடம் ஓய்வெடுக்க விட்டுவிட்டு, யாழ்ப்பாணப் பரவைக்கடலின் வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம். வடகரையில் கொழும்புத்துறை, தென்கரையில் பூநகரி, கிழக்கே கேரதீவும் சங்குப்பிட்டியும் கிளாலியும். 2011-இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தை மட்டும் அழித்துவிட வேண்டும்; பாலம் இருந்தால் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விதிகள் நான்கு போதும். முதன்மைப் பாத்திரத்துக்கு வயது பதினாறுக்கு மேல் இருக்கக் கூடாது. கதையில் வரும் மாதத்துக்குக் காற்று சரியாக இருக்க வேண்டும்: வாடையில் பூநகரிக்குப் போவது எளிது, சோளகத்தில் திரும்பி வருவது எளிது. நீர் பல இடங்களில் ஆளின் நெஞ்சளவுகூட இல்லை என்பதை மறந்து யாரையும் ஆழத்தில் மூழ்கடிக்கக் கூடாது. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடமாவது கேட்டு எழுதியிருக்க வேண்டும். வள்ளத்தில் எத்தனை பேர், கயிறு எந்தப் பக்கம் கட்டியிருந்தது, அம்மம்மா மடியில் என்ன வைத்திருந்தா என்று.

எழுத்து முழுத் தமிழில் வராவிட்டால் பாதி ஆங்கிலமாக இருக்கட்டும், முதல் வருடம் அதைப் பொறுக்கலாம். நடுவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு வயது பதினான்கு. மற்றவர் அந்த நீரை இருட்டில் கடந்தவர். பேராசிரியர்கள் பரிசு கொடுக்கும் நேரத்துக்கு வந்தால் போதும்.