விடாமல் கேட்ட தாய்

பதினாறு வயதில், கூட்டாளிகளோடு சேர்ந்து பேரிக்காய் திருடினார், பிற்காலத்தில் புனிதரான அகுஸ்தினார். பசிக்காக இல்லை, பெரும்பாலும் பன்றிகளுக்குத்தான் போட்டார்கள்! திருடக்கூடாது என்ற கடவுளின் சட்டம் மனித இதயத்திலேயே எழுதியிருக்கிறது என்று பிற்பாடு அவரே எழுதினார். எழுதியிருந்து என்ன? அவர் திருந்தப் பல வருஷம் ஆயிற்று.

அத்தனை வருஷமும் தாய் மோனிக்கா அழுது ஜெபித்தார். மகனுக்குப் புத்தி சொல்லச் சொல்லி ஓர் ஆயரை நச்சரித்ததில், பாவம், அவருக்கே சலித்துவிட்டது. மகனோ தாயை ஏமாற்றிவிட்டு இரவோடு இரவாக ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ரோமுக்குக் கப்பலேறினார். மோனிக்கா விடுவாரா? கடல் தாண்டி, மகன் பிறகு போய்ச் சேர்ந்த மிலான் நகரத்துக்கே வந்துவிட்டார்.

387-ஆம் ஆண்டு ஈஸ்டரில், ஆயர் அம்புரோஸ் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். கேட்டது கிடைத்த நிறைவோடு, அதே ஆண்டு, ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காலமானார்.