சோளகமும் மோட்டார் சைக்கிளும்



2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு வந்தது. அதுவோ சோளகக் காலம். பண்ணைத் தாம்போதியில் அக்காற்றை எதிர்த்து ஊர்காவற்றுறைக்குத் திரும்பியவர்கள், பெற்றோல் எங்கே போகின்றதென்பதை உடம்பாலேயே அறிவர்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவது. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடுபவர், 40இல் ஓடுபவரிலும் இரண்டேகால் மடங்கு தடையைத் தள்ள வேண்டும். 40இலேயே ஓடினாலும், எதிரே சோளகம் 20இல் வந்தால் தடை அதேதான்!

வண்டியை மீன்போல் வழுவழுப்பான கூட்டினால் மூடினால் தடை குறையும். இத்தாலியின் மோட்டோ குஸி நிறுவனத்தார் 1950இல் இதனை ஆராயக் காற்றுச் சுரங்கமே கட்டினர். முன்சக்கரத்தையும் மூடிய கூடுகள் பந்தயங்களில் ஓடின. ஆனால் பக்கக்காற்று அவற்றைப் பாய்போலப் பிடித்துத் தள்ளியது. 1958 முதல் உலகப் பந்தயங்களில் அவை தடைசெய்யப்பட்டன. இருபுறமும் கடலுள்ள நமது தாம்போதிக்கு அத்தகைய கூடு ஆகுமா? பாய்மரம் கண்ட தீவாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நமக்குக் கூடு வேண்டாம். எதிர்காற்றில் வேகத்தைக் குறையுங்கள், சற்றே குனியுங்கள், சட்டையைப் பறக்கவிடாதீர்கள், கைபிடியில் தொங்கும் பைகளை முதுகின் மறைவில் கட்டுங்கள். அந்நாட்களில் நான் இப்படித்தான் ஓட்டினேன். பின்னாலிருந்த ஐயாதான், "இறங்கி நடந்திருந்தால் இவ்வளவுக்கு வீடு போயிருப்பன்" என்று ஏசிக்கொண்டே வந்தார்.